கம்பு அடை: அன்றும் இன்றும்

முன்னுரை

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையின் முதல் நாள், என் தாயாரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு வீட்டுக்கு வந்தது. ஹீமோகுளோபின் என்ற சொல்லுக்கு எதிரே 9 என்று எழுதியிருந்தது. குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். என் தாயார் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறார்கள். காலை 8.30 மணிக்கு வேலை தொடங்கிவிடும். ஒன்றரை ஷிப்டு என்றால் வீடு திரும்ப இரவு 8 மணிக்கு மேல் ஆகும். "காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டாராம். "டீயும் பன்னும்" என்றார்களாம் அம்மா. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, காலை உணவையும் மாற்றச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் காங்கேயத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து அம்மிச்சி வந்திருந்தார்கள். அவர்கள் கொண்டு வந்த துணிப்பையில் 2 கிலோ கம்பு இருந்தது. அந்தக் கம்பில் நான் செய்து கற்றுக்கொண்ட அடை வகைகளைப் பற்றியே இக்கட்டுரை. தோழியரே, நம்முள் பலருடைய வீடுகளிலும் காலை நேரம் இப்படித்தான் ஓடுகிறது. ஆகவே இது உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

கம்பின் கதை

கம்பு முதலில் பயிரானது ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது நம் நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நெல்லுக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர் வேண்டும். கம்புக்குச் சில மழைகளே போதும். அதனால்தான் காங்கேயம், பல்லடம், தாராபுரம் போன்ற மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் நிலைத்து நின்றன. தானியம் மனிதருக்கு, தட்டு மாட்டுக்கு.

"எங்க காலத்துல நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான் கண்ணு. மத்த நாளெல்லாம் கம்மஞ்சோறும் களியுந்தான்" என்று அம்மிச்சி சொன்னார்கள். பின்னர் அரிசி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், கம்பு ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்டது. விருந்தினர் வந்தால் கம்மஞ்சோற்றுச் சட்டியை மறைத்து வைத்த வீடுகளும் உண்டாம்.

ஆராய்ச்சியாளர்கள் கம்பை ஒதுக்கவில்லை. நமக்கு அருகில் கோயம்புத்தூரில் 1923ஆம் ஆண்டிலேயே சிறுதானியப் பயிர்களுக்கென ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நம் நாட்டின் வேண்டுகோளை ஏற்று, ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அம்மிச்சியிடம் இதைச் சொன்னபோது, "இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்!" என்று சிரித்தார்கள்.

சத்துக் கணக்கு

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கம்பில் சுமார் 6.4 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. தீட்டிய பச்சரிசியில் அது 0.65 மில்லிகிராம்தான், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கேழ்வரகில் இரும்பு சற்றுக் குறைவு என்றாலும், சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம் இருக்கிறது.

13 முதல் 15 வயதுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் வேண்டும் என்கிறார்கள். ஓர் அடைக்கு 40 கிராம் மாவு என்று கொண்டால், மூன்று அடையில் 120 கிராம். அதில் இரும்பு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். ஒரு நாள் தேவையில் கால் பங்கு காலையிலேயே கிடைத்துவிடும். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே இது என் தாயாரின் கணக்கு மட்டுமன்று. நம் வகுப்பறையின் கணக்கும் ஆகும்.

அன்றைய முறை: தட்டிய கம்பு அடை

தேவையான பொருள்கள்: கம்பு மாவு 2 டம்ளர், தோலுரித்து நறுக்கிய சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 3, முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, சீரகம் 1 தேக்கரண்டி, உப்பு, கொதிக்கும் நீர், கடலெண்ணெய்.

செய்முறை: கம்பைக் கல், தூசி நீக்கிக் கழுவி நிழலில் உலர்த்தவும். அம்மிச்சி காலத்தில் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, முறத்தில் புடைத்து உமியை நீக்கிய பிறகே மாவாக்குவார்கள். இன்று கடையிலேயே உமி நீக்கிய கம்பு கிடைக்கிறது. அதை வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, மில்லில் அரைத்துக்கொள்ளலாம்.

வெங்காயம், மிளகாய், சீரகம், கீரை ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்கி மாவுடன் சேர்க்கவும். உப்புப் போட்டு, கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறவும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு 10 நிமிடம் மூடி வைக்கவும். எலுமிச்சை அளவுக்குச் சற்றுப் பெரிய உருண்டையாக எடுத்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்துத் தட்டவும். இலையோடு தோசைக்கல்லில் கவிழ்த்து, ஒரு நிமிடம் கழித்து இலையை உரித்தெடுக்கவும். மிதமான தீயில் இருபுறமும் மூன்று நிமிடம் வேகவிடவும். இந்த அளவுக்கு ஆறு அல்லது ஏழு அடைகள் வரும். எங்கள் பக்கத்தில் இதற்குக் கொள்ளுத் துவையலும், நிலக்கடலைச் சட்னியும் தொட்டுக்கொள்வார்கள்.

நான் செய்த பிழைகள்

என் முதல் அடை இலையிலேயே கிழிந்தது. இரண்டாவது, கல்லில் நான்கு துண்டாயிற்று. கோதுமை மாவைப் பிசைவதுபோலப் பச்சைத் தண்ணீரில் பிசைந்ததே காரணம். கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது மாவை ரப்பர் போல இழுத்துப் பிடிக்கும். கம்பில் அது கிடையாது. கொதிநீர் பட்டதும் கம்பு மாவிலுள்ள ஸ்டார்ச்சு பாதி வெந்து பசையாகிறது. அந்தப் பசைதான் அடையைக் கிழியாமல் காக்கிறது. நான் பச்சைத் தண்ணீர், வெதுவெதுப்பான நீர், கொதிநீர் என்று மூன்று கிண்ணங்களில் பிசைந்து பார்த்தேன். கொதிநீரில் பிசைந்தது மட்டுமே இலையைவிட்டு முழுதாக வந்தது. "மாவு கேக்குற தண்ணியத்தான் ஊத்தணும் கண்ணு" என்றார்கள் அம்மிச்சி. எவ்வளவு தண்ணீர் என்று நான் அளவு கேட்டதற்கு அதுதான் விடை!

இரண்டாவது பிழை, அம்மிச்சி ஊருக்குப் போன பின் நேர்ந்தது. ஒரு கடையில் அரைத்து வைத்த கம்பு மாவு வாங்கி வந்தேன். அடை கசந்தது. வெல்லம் போட்டும் கசப்புப் போகவில்லை, அத்தனையும் வீணாயிற்று. மற்றப் பல தானியங்களைவிடக் கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்தவுடன் அதிலுள்ள நொதிகள் அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். சில நாட்களிலேயே சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். ஆகவே தானியமாக வாங்கி, வறுத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே நல்லது.

இன்றைய முறைகள்

அடை செய்யக் கற்றுவிட்டேன். ஆனால் அம்மா, "காலையில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நிற்க எனக்கு நேரம் ஏது?" என்றார்கள். அது நியாயமே. ஆகவே நேரத்துக்கு ஏற்றபடி முறையை மாற்ற வேண்டியதாயிற்று.

1. புளித்த அடை: கம்பு 2 டம்ளர், புழுங்கலரிசி 1 டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. கம்பைத் தனியாக 8 மணி நேரம் ஊறவைத்து, மற்றவற்றை 4 மணி நேரம் ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்து உப்புப் போட்டு இரவு முழுதும் புளிக்கவிட வேண்டும். காலையில் சற்றுக் கனமான தோசையாக வார்க்கலாம். ஞாயிறன்று பகலில் ஊறவைத்து இரவில் அரைத்துவிடுகிறோம். குளிர்பெட்டியில் வைத்தால் புதன்கிழமை வரை தாங்குகிறது. ஊறுவதாலும் புளிப்பதாலும் இன்னொரு நன்மை உண்டு. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. புளிக்கும்போது அந்த அமிலம் குறைகிறது.

2. ஓட்ஸ் கம்பு அடை: பக்கத்து வீட்டு அக்கா ஓட்ஸ் பொட்டலம் வாங்குவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஓட்ஸ் 1 டம்ளரை வறுத்துப் பொடித்து, கம்பு மாவு 1 டம்ளர், துருவிய காரட், கொத்தமல்லித் தழை, கொதிநீர் சேர்த்துப் பிசைந்தேன். அடை மிருதுவாக வந்தது. ஆனால் எங்கள் கடையில் ஓட்ஸ் விலை கம்பைப் போல் பல மடங்கு. ஆகவே இது எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறைதான்.

ஓட்ஸைப் பற்றிப் படித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. ஸ்காட்லாந்து நாட்டின் குளிரிலும் ஈரத்திலும் கோதுமையைவிட ஓட்ஸ் நன்றாக விளையும். அங்குள்ள மக்கள் ஓட்ஸ் மாவில் உப்பும் சிறிது கொழுப்பும் கொதிநீரும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, இரும்புக் கல்லில் சுட்டு உண்டார்கள். ஓட்ஸ் மாவும் எளிதில் உதிரக்கூடியதே. அவர்களுக்கும் கொதிநீரே துணை! இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியிலோ ஓட்ஸ் மாவை ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்துத் தோசை போலவே வார்க்கிறார்கள். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் குதிரைகளுக்குப் போடும் தானியம் என்று ஓட்ஸைக் கேலியாகக் குறிப்பிட்டார். இன்று அதே ஓட்ஸ் நம் ஊர்க் கடைகளில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கம்பு சாக்கில் இருக்கிறது.

3. மொறுமொறு அடை: கம்பு மாவு 1 டம்ளர், வறுத்துப் பொடித்த நிலக்கடலை கால் டம்ளர், நாட்டுச் சர்க்கரை கால் டம்ளர், நெய் 2 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கொதிநீரில் கெட்டியாகப் பிசைந்து மிக மெல்லியதாகத் தட்டி, நான்காக வெட்டி, குறைந்த தீயில் ஈரம் போகும்வரை சுடவும். ஆறியபின் டப்பாவில் போட்டால் மூன்று நாள் தாங்கும். ஸ்காட்லாந்து அடையைப் பார்த்துச் செய்தது இது. ஒன்றரை ஷிப்டு நாட்களில் மாலைப் பசிக்கு அம்மா எடுத்துப் போகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

அடையோடு டீ குடித்தால் டீயிலுள்ள பொருள்கள் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அம்மா டீயை விடவில்லை; காலை 8 மணிக்கு அடை, 11 மணிக்குக் கம்பெனியில் டீ என்று பிரித்துக்கொண்டார்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். எங்கள் வீட்டில் அடைக்கு அருகில் இப்போது ஒரு நெல்லிக்காய் இருக்கும். கம்பை மட்டுமே நாள்தோறும் உண்ணாமல் கேழ்வரகு, சோளம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். இரத்தசோகை உள்ளவர்கள் அடையை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது.

முடிவுரை

மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். சீட்டில் 11.2 என்றிருந்தது. மாத்திரைதான் பெரிதும் காரணம் என்பதை நான் அறிவேன். ஆயினும், "சாப்பாட்டிலும் மாற்றம் தெரிகிறது, விடாதீர்கள்" என்று மருத்துவர் கூறினாராம். 12ஐ எட்ட இன்னும் சிறிது தூரம் இருக்கிறது.

அம்மாவின் டிபன் டப்பாவில் இப்போது இரண்டு அடை கூடுதலாக வைக்கிறேன். செக்கிங் மேசையில் பக்கத்தில் நிற்கும் அக்காமார் கேட்கிறார்களாம். அவர்களில் ஒருவர், "எங்க அப்பத்தா சுட்டது மாதிரியே இருக்கு" என்று சொல்லிக் கண் கலங்கினாராம். இதை அம்மிச்சியிடம் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த முறை வரும்போது 5 கிலோ கம்பு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தோழியரே, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் கைப்பக்குவத்தை அளவோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் என்ன உண்டுவிட்டுப் போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். நான் என் தாயாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மருத்துவர்தான் கேட்டார்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி