காய்ச்சலும் கணையமும்: வைரஸ் நோய்கள் நீரிழிவுக்கு வழிவகுக்குமா?

பொன்னுக்கு வீங்கி என்னும் பெயரைக் கேளாத தமிழர் இலர். கன்னமும் தாடையும் வீங்கிய பிள்ளையின் கழுத்தில் பொற்சங்கிலி அணிவித்து, வீக்கம் வடியும்வரை காத்திருப்பது நம்மவர் நெடுநாள் வழக்கம். பெயர் அழகியதே, ஆயின் வீக்கம் வடிவது பொன்னால் அன்று. உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் அந்த வைரஸ் சிலருக்குக் கணையத்தையும் தாக்குவதுண்டு. அந்நோய் கண்ட பின்னர் நீரிழிவு தோன்றியதை 1864-ஆம் ஆண்டிலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார். காய்ச்சல் ஒன்று நீரிழிவுக்கு வித்திடக்கூடுமா என்னும் வினா அன்றுமுதல் மருத்துவ உலகில் நிலவி வருகிறது. அதற்கு இன்று கிடைத்துள்ள விடையையும், நம் இல்லங்களில் அதனால் அறிந்துகொள்ள வேண்டுவனவற்றையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

தனுஷ்கோடிக்கு அப்பால் கடலிடையே மணல்திட்டுகள் இருப்பதை இக்கரையினர் அறிவர். கணையத்தினுள்ளும் அவ்வாறே சிறு சிறு திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1869-இல் அவற்றைக் கண்டறிந்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது பெர்லினில் பயின்ற மாணவரே என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். அத்திட்டுகளில் உள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. குருதியிலுள்ள சர்க்கரை தசைக்குள் புக இன்சுலின் வேண்டும். பீட்டா அணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோவதால் உண்டாவது முதல் வகை நீரிழிவு. இது சிறுவரிடமும் இளைஞரிடமும் மிகுதி. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குப் போதிய அளவு இணங்காமையால் உண்டாவது இரண்டாம் வகை. நம் நாட்டில் பெரும்பான்மையோர்க்கு இருப்பது பின்னதே.

முதல் வகையில் வைரசின் பங்கு யாது? 1979-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. காய்ச்சலைத் தொடர்ந்து கடும் நீரிழிவு கண்டு இறந்த பத்து வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து காக்சாக்கி வைரசைப் பிரித்தெடுத்தனர். அதனைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் குருதியிலும் சர்க்கரை மிகுந்தது. நான்கு நாடுகளின் குழந்தைகளைப் பிறப்புமுதல் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்றின் முடிவு 2019-இல் வெளிவந்தது. இவ்வினத்தைச் சேர்ந்த வைரஸ் குடலில் நீண்ட நாள் தங்கிய குழந்தைகளிடம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் பீட்டா அணுக்களையே பகையெனக் கருதித் தாக்கும் நிலை மிகுதியாகக் காணப்பட்டது. எனினும் இவ்வைரஸ் தொற்றும் குழந்தைகள் கோடிக்கணக்கினர். நீரிழிவு அடைவோரோ மிகச் சிலர். பரம்பரைக் கூறு அமைந்த உடலில் வைரஸ் தூண்டுகோலாகிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து.

ஐயமின்றி நிறுவப்பட்டது ருபெல்லாவின் பங்கு. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா கண்டால் சேய்க்குக் கண்புரை உண்டாவதை 1941-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் வெளிப்படுத்தினார். அத்தகைய குழந்தைகள் வளர்ந்தபோது அவர்களுள் கணிசமானோர்க்கு நீரிழிவும் தோன்றியது. இதனைத் தடுக்கும் ஊசி 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் போடப்பட்டபோது வாட்ஸப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தனர். படித்தவர்களும் அதற்கு விலக்காகவில்லை என்பது வருந்தத்தக்கது.

2020-இல் பரவிய கொரோனாவோ நீரிழிவாளரைப் பெரிதும் வருத்தியது. அந்நோய்க்குப் பின் புதிதாக நீரிழிவு கண்டவரும் உளர். வைரஸ் நேரே பீட்டா அணுவை அழித்ததா, மறைந்திருந்த நீரிழிவு வெளிப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூச்சுத்திணறலுக்குத் தந்த ஸ்டீராய்டு மருந்தும் சர்க்கரையை ஏற்றியது. அவ்வாறு ஏறிய சர்க்கரையே கருப்புப் பூஞ்சை நோய்க்கு வாய்ப்பாயிற்று. 2021 மே மாதத்தில் தமிழக அரசு அதனை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது.

அன்றாட வாழ்வில் நம்மை மிகுதியும் பாதிப்பது மற்றொன்று. டெங்கு, சிக்குன்குனியா, சாதாரண சளிக்காய்ச்சல் என எது வரினும், உடல் அதனை எதிர்க்கக் கார்ட்டிசால், அட்ரினலின் முதலியவற்றை மிகுதியாகச் சுரக்கிறது. அவை கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் குருதியில் இறக்கும்; இன்சுலினின் செயலையும் மந்தப்படுத்தும். ஆதலின் ஒரு பருக்கையும் உண்ணாத நோயாளிக்கும் சர்க்கரை ஏறும். இதனை அறியாது, "கஞ்சிதானே குடித்தார், ஊசி எதற்கு?" என்று வீட்டார் இன்சுலினை நிறுத்திவிடுவர். முதல் வகை நீரிழிவாளர்க்கு இது உயிருக்கே இடையூறாகும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. முற்றிலும் நிறுத்துதல் கூடாது. மாறாக, வாந்தியும் பேதியும் மிகுந்தால் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த நேரும். அதனையும் அவரே கூறவேண்டும். நான்கு மணிக்கொருமுறை சர்க்கரையைச் சோதித்தலும், நீர் மிகுதியாகப் பருகுதலும் நலம். நோன்புக் காலத்தில் நீரிழிவோடு காய்ச்சலும் கண்டவர், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைப்படி பின்னொரு நாளில் நோற்கலாம். அதனைக் குறையெனக் கருதி மறைத்துப் பட்டினி கிடக்கும் முதியோரிடம் இளையோர் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. காய்ச்சல் தணிந்த பின்னும் பிள்ளை ஓயாது தண்ணீர் கேட்டல், பலமுறை சிறுநீர் கழித்தல், படுக்கையை மீண்டும் நனைக்கத் தொடங்குதல், நாளுக்கு நாள் மெலிதல் ஆகியவை நீரிழிவின் அறிகுறிகள். வயிற்றுவலியும் வாந்தியும் ஆழ்ந்த மூச்சும், மூச்சில் பழுத்த பழம் போன்ற வாடையும் சேருமாயின், இன்சுலின் இன்மையால் கொழுப்பு எரிந்து குருதியில் அமிலம் ஏறிவிட்டது என்று உணரலாம். இதனை வயிற்றுக்கோளாறு என்றோ கண்ணேறு என்றோ எண்ணி ஒரு நாளைப் போக்கினும் பிள்ளை மயங்கிவிடக்கூடும். விரல்நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்துக் குளுக்கோமீட்டரில் வைத்தால் சில நொடிகளில் அளவு தெரியும். இவ்வறிகுறிகளோடு 200 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும். இராமேசுவரத்திலிருந்து பாலம் கடந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் உள்ள இராமநாதபுரத்தில், 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.