39 லட்சமா? 16 லட்சமா? – விமான நிலையம் சொல்லும் கணக்குகள்



வேலூர் அருகே அப்துல்லாபுரத்தில் ஒரு சிறிய விமான நிலையம் இருப்பது நமக்குத் தெரியும். மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்த பழைய ஓடுதளம் அது. "ஃபிளைட் வந்தா ஊரே மாறிடும்" என்பார் ஒருவர். "சத்தத்துல குழந்தை தூங்குமா?" என்பார் அக்கம்பக்கத்தில் இருப்பவர். இருவரும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். எண் உண்மையாக இருந்தும் நம்மை ஏமாற்றலாம். எப்படி? மூன்று கணக்குகளைப் பார்ப்போம்.

1. எந்த எல்லை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தில் 39,36,331 பேர். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றானது. அதே கணக்கெடுப்பைப் பிரித்தால் வேலூர் 16,14,242, ராணிப்பேட்டை 12,10,277, திருப்பத்தூர் 11,11,812. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

விவரம் தெரியாதவர் இரண்டு எண்களை ஒப்பிட்டால், "வேலூரில் 59 சதவீத மக்கள் குறைந்துவிட்டார்கள்" என்று எழுதிவிடலாம்! யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. கோடுதான் நகர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளும் இப்போது திருப்பத்தூர் மாவட்டக் கணக்கில்தான் வரும். ஆனால் ஆம்பூருக்குத் தோல் வாங்க வருபவர் வேலூரில் இறங்கலாமே! எனவே பயணிகளை எண்ண பெரிய எல்லை வேண்டும். சத்தத்தை எண்ண ஓடுதளத்தைச் சுற்றியுள்ள சில தெருக்களே போதும். நன்மையை 39 லட்சம் பேருக்குப் பங்கு போட்டுச் சொல்கிறோம். தொல்லை மட்டும் அந்தச் சில தெருக்களுக்கு.

2. எந்த ஆண்டு?

19 பேர் அமரும் விமானம் நிரம்பினால் "100 சதவீதம்". கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு டவுன் பஸ்ஸில் அதைவிட அதிகம் பேர் ஏறுகிறார்கள். சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சேவை தொடங்கியது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. சேவையே இல்லாத 2022-ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால் வளர்ச்சி மலை போலத் தெரியும். 2019-ஐ வைத்தால் கதை வேறு.

3. எந்தச் சராசரி?

குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி வரம்பு 55 டெசிபல் (ஒலி மாசு விதிகள், 2000). பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை, 16 மணி நேரம். ஒரு பேச்சுக்கு, ஊர் 45 டெசிபலில் அமைதியாக இருக்கிறது. விமானம் இரண்டு முறை, தலா 15 விநாடி, 85 டெசிபலில் பறக்கிறது. சாதாரணச் சராசரி போட்டால் 45.02! டெசிபல் மடக்கை அளவு என்பதால் ஒலி ஆற்றலை வைத்துச் சராசரி காண வேண்டும். அப்போது சுமார் 53 வரும். அதுவும் வரம்புக்குள்தான்! ஆனால் அந்த 15 விநாடியில் டீச்சர் சொல்வது காதில் விழாது. அதேபோல "85 டெசிபல்!" என்று மட்டும் சொல்லி, எத்தனை விநாடி என்று சொல்லாதவரும் பாதி உண்மையே சொல்கிறார்.

பாலாற்றங்கரைக்காரர்களான நமக்கு இது புதிதல்ல. பத்துக் கிணற்றில் ஒன்று தோல் கழிவால் கெட்டாலும், சராசரி "பரவாயில்லை" என்று வரலாம். அந்த ஒரு கிணற்று வீட்டார் சராசரியையா குடிப்பார்கள்?

ஆகவே நண்பர்களே, யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்:

* எந்த எல்லைக்குள் எண்ணியது?
* எந்த ஆண்டோடு ஒப்பிட்டது?
* சராசரி என்றால், அதில் மறைந்து போனவர் யார்?

விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசட்டும். பேச்சில் வரும் கணக்கையாவது நாம் சரிபார்க்கலாம். புள்ளியியல் மார்க்குக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான்!

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு