பழுது நாடாவிலா, பாட்டையிலா?

காந்த நாடாவில் தரவுகளைப் படியெடுத்து வைக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் சில ஜிமெயில் பயனர்களின் அஞ்சல்கள் காணாமற்போனபோது, கூகுள் அவற்றை நாடாக்களிலிருந்தே மீட்டது. அந்த நாடாவில் எழுதும் பணியே பாதியில் முறிந்தால் பழுதை எங்கே தேடுவது? ஜெலாப்பாங்கில் நான் சரிசெய்த ஒரு பழுதைக் கொண்டு விளக்குகிறேன்.

தொழிற்பேட்டையிலிருந்த அந்த அலுவலகத்தில் இரவுதோறும் காப்பு நகல் தோல்வியுற்றது. சிறு கோப்புகள் பதிவாயின. பெரியவை பாதியில் நின்றன. புதிய நாடாக்கள் வாங்கினார்கள். துப்புரவு நாடாவையும் ஓட்டினார்கள். பயனில்லை. முழுமையான கடைசி நகல் மூன்று வாரம் பழையது. அதற்குள் வன்தட்டு செயலிழந்திருந்தால் மூன்று வாரக் கணக்குகளும் போயிருக்கும்.

விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தேன். 9, 11 ஆகிய எண்கள் மாறி மாறி வந்தன. 9 என்றால் கருவி உரிய நேரத்தில் பதிலளிக்கவில்லை. 11 என்றால் கட்டுப்பாட்டு அட்டையில் பிழை. நாடாவின் பரப்பு கெட்டிருந்தால் 7 வந்திருக்கும். ஆகவே, பழுது நாடாவில் அல்ல, தரவு செல்லும் வழியில் என்று ஊகித்தேன்.

அந்த வழி ‘ஸ்கஸி’ பாட்டை. பல கருவிகள் ஒரே கம்பிவடத்தைப் பகிர்கின்றன. வடத்தின் இரு முனைகளிலும் ‘டெர்மினேட்டர்’ எனும் முடிப்பான் இருக்க வேண்டும். இல்லையேல், குளத்து அலை கரையில் மோதித் திரும்புவதுபோல் மின்குறிகள் திரும்பி வந்து தரவைக் குலைக்கும். மேசையை நகர்த்தியபோது, நாடாக் கருவியின் பின்புற முடிப்பான் கழன்றிருந்தது. மாட்டியதும் பிழைகள் நின்றன.

இத்தகைய பழுதை இந்த வரிசையில் சோதிக்கலாம்:

1. முதலில் பதிவேட்டைப் படியுங்கள்.
2. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வடங்களைக் கழற்றி மாட்டுங்கள். வளைந்த ஊசிகளைக் கவனியுங்கள்.
3. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் உண்டா? கட்டுப்பாட்டு அட்டைக்குப் பெரும்பாலும் 7.
4. முடிப்பான்கள் இரு முனைகளில் மட்டுமே இருக்கட்டும், நடுவில் வேண்டாம்.
5. அட்டையின் அமைப்பில் வேகத்தைக் குறையுங்கள். பிழை மறைந்தால், வடத்தையோ முடிப்பானையோ ஐயுறலாம்.
6. நாடாக் கருவிக்குத் தனி அட்டை கொடுங்கள்.

இன்றைய நாடாக் கருவிகள் பயன்படுத்தும் ‘சாஸ்’ இணைப்பில் முடிப்பானும் இல்லை, எண் அமைப்பதும் இல்லை; ஆனால் பழுதடைந்த வடம் இன்றும் அதே தொல்லையைத் தரும்.

பணியிடத்தில் காப்பு நகல் பொறுப்பை ஏற்கும் மாணவ நண்பர்களே, மாதம் ஒருமுறையாவது நாடாவிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்பி இருக்காதீர்கள்.