பொறுமை என்றால் கைகட்டி இருப்பதல்ல

சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதுமே நம் வீடுகளில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். வரப்போகும் உயர்வை நம்பிக் கடன் வாங்குகிறோம். திருமணத்துக்கு நாள் குறிக்கிறோம். பேச்சு இழுத்தால், நமக்காகப் பேசப் போனவர்களையே ஏசுகிறோம். அமெரிக்க விமானிகள் தங்கள் ஊதிய ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்த விதத்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம். நாடும் தொழிலும் வேறு. படிப்பினை நமக்கும் உண்டு.

முதலில் அங்குள்ள விதியை அறிந்துகொள்வோம். 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம், 1936இல் விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி, ஒப்பந்தத்தைத் திருத்தும் தேதி வந்தாலும் பழைய ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. புதியது வரும்வரை பழைய விதிகளே தொடரும். பேச்சு முட்டி நின்றால் தேசிய சமரச வாரியம் நடுவில் வரும். அந்தச் சமரசத்துக்குக் காலக்கெடு இல்லை. வாரியம் முன்வைக்கும் நடுவர் தீர்ப்பு முறையை ஒரு தரப்பு மறுத்து, வாரியமும் விடுவித்த பிறகு, மேலும் 30 நாட்கள் பொறுக்க வேண்டும். அதன் பிறகுதான் வேலைநிறுத்தம். ஆக, தாமதம் சட்டத்திலேயே இருக்கிறது. இதை அறியாதவர் தாமதத்தைத் தம் தலைவர்களின் துரோகம் என்று எண்ணிச் சோர்ந்துபோவார்.

டெல்டா நிறுவன விமானிகளின் ஒப்பந்தம் 2019 இறுதியில் திருத்தத்துக்கு வந்தது. 2020இல் கொரோனா வந்து பேச்சை நிறுத்தியது. 2022இல் மீண்டும் பேசினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யத் தயார் என்று வாக்களித்தவர்களில் 99 விழுக்காட்டினர் தெரிவித்தனர். ஆனால் வேலைநிறுத்தம் நடக்கவில்லை. 2023 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. உடனே 18 விழுக்காடு உயர்வு. அடுத்த ஆண்டுகளில் படிப்படியாக மேலும் உயர்வு. மூன்றாண்டுக்கும் மேல் பொறுத்தார்கள்; ஆனால் ஒற்றுமையைக் காட்டிக்கொண்டே பொறுத்தார்கள்.

அப்படியானால், வருவதையெல்லாம் மறுத்துக் காத்திருந்தால் அதிகம் கிடைக்குமா? இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

யுனைடெட் விமானிகள் 2022 நவம்பரில் ஓர் உடன்பாட்டை 94 விழுக்காடு வாக்குகளால் நிராகரித்தனர். 2023 செப்டம்பரில் அதைவிட மிக நல்ல ஒப்பந்தத்தை ஏற்றனர். பெடெக்ஸ் சரக்கு விமானிகளும் 2023 ஜூலையில், 30 விழுக்காடு உயர்வு தரும் உடன்பாட்டை 57 விழுக்காடு வாக்குகளால் நிராகரித்தனர். 2024 முடிந்தும் அவர்களுக்குப் புதிய ஒப்பந்தம் வரவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? யுனைடெட் விமானிகள் மறுத்தபோது பயணிகள் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. விமானிகளுக்குத் தட்டுப்பாடு இருந்தது. டெல்டா ஒப்பந்தம் சந்தை விலையையும் உயர்த்தியது. பெடெக்ஸிலோ கொரோனா காலத்தில் பெருகிய சரக்கு குறைந்துகொண்டிருந்தது. கோரிக்கை நியாயமானதாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காலமும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று: கையெழுத்தாகாத உயர்வை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. பழைய சம்பளத்திலேயே குடும்பத்தை நடத்த முடிந்தவரால்தான் அவசரப்படாமல் பேச முடியும்.

இரண்டு: கேட்பதற்கு முன், எதிர்த்தரப்பின் இன்றைய நிலை என்ன, நம் தேவை அவர்களுக்கு எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும். பக்கத்து நிறுவனத்தில் கிடைத்தது நமக்கும் அப்படியே கிடைக்கும் என்பதில்லை.

மூன்று: மறுப்பதற்கு முன், மறுத்தால் எத்தனை காலம் தாங்குவோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். தாங்க முடியும் என்றால் உறுதியாக நிற்கலாம். முடியாது என்றால், கிடைப்பதை ஏற்று அடுத்த முறைக்குத் தயாராவது தோல்வி அல்ல.

கைகட்டிக் காத்திருப்பவரும் பொறுமைசாலி போலத்தான் தெரிவார். விதியை அறிந்து, செலவை அடக்கி, ஒற்றுமை குலையாமல் காத்திருப்பதே பொறுமை. நாம் எதற்காகக் காத்திருக்கிறோம், எதை நம்பிக் காத்திருக்கிறோம் என்று இன்றிரவு நம் குடும்பத்தாரோடு ஒருமுறை பேசிப் பார்ப்போம்.