பழைய ஜீப்பில் புதிய எஞ்சின்: மலைப்பாதை வண்டியைப் பற்றிய ஒரு பாடம்

மோட்டார் வண்டியின் உடலும் எஞ்சினும் ஒரே காலத்தில் முதுமை அடைவதில்லை. நன்கு பேணப்பட்ட இரும்புச் சட்டம் அரை நூற்றாண்டு உழைக்கும். எஞ்சினோ அதற்கு முன்பே தேய்ந்துவிடும். ஆகவே பழைய வண்டியில் புதிய எஞ்சினைப் பொருத்தும் எண்ணம் உலகெங்கும் எழுந்துள்ளது. 1962ஆம் ஆண்டில் கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கர், 1953 முதல் விற்பனையில் இருந்த ஏ. சி. ஏஸ் என்னும் ஆங்கிலேயப் பந்தயக் காரில் ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். அதுவே புகழ்பெற்ற கோப்ரா கார். ஆனால் எஞ்சினை மாற்றியதோடு வேலை முடியவில்லை. மிகுந்த திருப்புவிசையைத் தாங்கும்பொருட்டுப் பின் ஆக்சிலையும் வலிமையுள்ளதாக மாற்ற நேர்ந்தது. இந்தப் பாடமே நம் மலைப்பகுதி ஜீப்புகளுக்கும் பொருந்தும்.

இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குப் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளரை ஏற்றிச் செல்வது ஜீப்பே. சூரியநெல்லியிலிருந்து 7,000 அடிக்கும் மேலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்கும், பாலக்காட்டு நெல்லியாம்பதி மலையின் உட்பகுதிகளுக்கும் கரடுமுரடான பாதையில் ஏறுவதும் ஜீப்பே. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எரிபொருட் செலவு குறைவதே இதற்கு முதற் காரணம். இம்மாற்றத்தில் அறிய வேண்டிய அறிவியல் உண்மைகளைக் களப் பணியாளரும் ஆசிரியர்களும் தெளிந்திருத்தல் நன்று.

1. எஞ்சின்களின் வேறுபாடு

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 2,199 கன செ.மீ. கொள்ளளவும் உடையது. நிமிடத்திற்கு 4,000 சுற்றில் 60 குதிரைச் சக்தியையும், 2,000 சுற்றில் ஏறத்தாழ 14.5 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசையையும் தந்தது. 1953இல் வெளிவந்த சி. ஜே. 3பி ஜீப்பில் உள்ளிழுப்பு வால்வுகள் சிலிண்டர் தலையில் அமைந்தன. எஞ்சின் உயரமானதால் முன்மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. உற்பத்தியாளரே தம் வண்டிக்கு எஞ்சினை மாற்றும்போதும் உடலை மாற்ற நேர்ந்தது என்பதற்கு இது சான்றாகும். இவ்வகை ஜீப்பை மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பல ஆண்டுகள் உற்பத்தி செய்தது. பின்னர் அந்நிறுவனத்தின் ஜீப்புகளில் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவன உரிமம் பெற்ற 2,112 கன செ.மீ. டீசல் எஞ்சினும் இடம்பெற்றது.

டீசல் எஞ்சினில் காற்று மட்டுமே அழுத்தப்பட்டு, அவ்வழுத்தத்தால் உண்டாகும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. போர்க்கால ஜீப் எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 6.5; இத்தகைய டீசல் எஞ்சின்களில் அது 20ஐ ஒட்டியிருக்கும். மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும்பொருட்டு டீசல் எஞ்சின் கனமாக வார்க்கப்படுகிறது. எனவே முன் பட்டைவில்கள் தாழும், அதிர்வும் கூடும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளும் சட்டமும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பழைய ஜீப்பின் 6 வோல்ட் பாட்டரி டீசல் எஞ்சினைச் சுழற்றித் தொடக்கப் போதாது. 12 வோல்ட் அமைப்பு தேவைப்படும்.

2. ஏற்றக் கணக்கு

ஆட்களுடன் 1,600 கிலோகிராம் எடையுள்ள ஜீப் ஒன்று, 6 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் பாதையில் ஏறுகிறது எனக் கொள்வோம். சரிவுக்கு மட்டும் 1,600 ÷ 6, அதாவது ஏறத்தாழ 267 கிலோகிராம் விசை வேண்டும். உருளும் தடைக்கு எடையில் 2 விழுக்காடாகிய 32ஐக் கூட்டினால் 299 ஆகும்.

முதல் கியரின் விகிதம் 2.80, ஆக்சில் விகிதம் 5.38, சக்கர ஆரம் 0.36 மீட்டர், பல்சக்கரங்களின் வழியே எஞ்சிவரும் திறன் 85 விழுக்காடு என்க. 14.5 × 2.80 × 5.38 × 0.85 ÷ 0.36 = ஏறத்தாழ 515 கிலோகிராம். இரண்டாம் கியரில் (1.55) இது 285 மட்டுமே. ஆகவே இச்சரிவில் முதல் கியரே உதவும். ஏற்றத்தை முடிவு செய்வது குதிரைச் சக்தி என்னும் ஒற்றை எண் அன்று. திருப்புவிசையும் கியர் விகிதமும் சேர்ந்தே என்பது இதனால் விளங்கும்.

உயரத்தையும் கருத வேண்டும். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைப் போல் 86 விழுக்காடே. எஞ்சின் உட்கொள்ளும் காற்று அவ்வளவுக்குக் குறைவதால் 515 என்பது ஏறத்தாழ 443 ஆகிவிடும். சமவெளிக்கென அமைத்த எரிபொருள் அளவை மலையில் மாற்றாவிடில் கரும்புகை தோன்றுவதும் இதனாலேயே.

3. வேகமும் ஆக்சிலும்

மேற்கூறிய ஜீப்பில் எஞ்சின் 4,000 சுற்றில் ஓடினால் நேர் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். புதிய எஞ்சினின் உச்சச் சுற்று 3,000 ஆனால் வேகம் 75 ஆகும். இதை ஈடுசெய்ய ஆக்சில் விகிதத்தை 4.88 ஆக்கினால் வேகம் 10 விழுக்காடு கூடும். ஏற்றத்தில் இழுவிசை அதே அளவில் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை விடுதல் இயந்திரவியலின் விதி. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் பின் ஆக்சில்கள் ஒரே விகிதத்தில் இருத்தல் இன்றியமையாதது.

4. இறக்கமே தேர்வு

புதிய எஞ்சின் ஏற்றத்திற்குத் துணை செய்யும். ஆனால் இறக்கத்தில் உயிர் காப்பது பிரேக். மேற்கண்ட ஜீப் 1,000 மீட்டர் கீழே இறங்கும்போது விடுபடும் ஆற்றல், 25 பாகையிலுள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றுத் தடையும் எஞ்சினும் ஏற்றது போக மீதி வெப்பம் முழுவதும் பிரேக் டிரம்களில் இறங்கும். டிரம் சூடேறினால் பிடிப்புக் குறையும். வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தல் கூடாது.

மேலும், பெட்ரோல் எஞ்சினில் காற்று வழியை மூடும்போது உண்டாகும் உறிஞ்சு வெற்றிடம் வண்டியைத் தடுத்து நிறுத்த உதவும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அத்தகைய மூடி இல்லை. வெற்றிடத்தின் துணையால் இயங்கும் பிரேக்கைச் சேர்ப்போர் தனியே வெற்றிடப் பம்பையும் வைத்தல் வேண்டும். ஆகவே எஞ்சினை மாற்றுபவர் முதலில் பிரேக்கைச் சீர்செய்து, பிறகே ஏற்றத்தை நினைத்தல் வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குக என்பது மலை ஓட்டுநரின் பழைய விதி. அதன் காரணம் மேற்கண்ட கணக்கில் உள்ளது.

5. சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று அது விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. எரிபொருளை மாற்றுவதற்குரிய மாற்றுத் தொகுதியைப் பொருத்த வேண்டுமாயின், விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டே பொருத்த வேண்டும். வேலையைத் தொடங்குமுன் பதிவு அலுவலகத்தை எழுத்து மூலம் கேட்டறிவதே முறை. பதிவில் இல்லாத எஞ்சினுடன் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு உரிமையில் சிக்கல் எழக்கூடும். அதன் துயரம் உரிமையாளரை மட்டுமன்றி, பின்னால் அமர்ந்து சென்ற தொழிலாளியின் குடும்பத்தையும் சாரும்.

6. ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்துக. முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் இருந்தால், மிதியை ஒரு முறை சுற்றும்போது பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வேகம் கூடியது, ஆனால் சக்கரத்தைக் கையால் தடுத்துப் பார்த்தால் விசை குறைந்திருப்பது புலனாகும். ஜீப்பின் கியர் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது என்று மாணவர்க்கு விளக்குக.

சுருங்கக் கூறின், எஞ்சின் என்பது வண்டியின் ஓர் உறுப்பே. மவுண்டிங், ரேடியேட்டர், கிளட்ச், கியர், ஆக்சில், பிரேக், பதிவு ஆகிய அனைத்தும் அதனோடு ஒத்து அமைந்தாலன்றி மாற்றம் நன்மை தராது. களப் பணியாளர் ஒரு ஜீப்பைப் பார்வையிடும்போது எஞ்சினின் ஒலியைக் கேட்குமுன் பிரேக்கைச் சோதிப்பது நலம்.