செயலியை ஊருக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: அரக்கோணத்தில் குடியிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வீடுவீடாகப் பால் ஊற்றுபவர்கள் மாதக் கணக்கு வைத்துக்கொள்ள ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். தெரிந்த சிலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நன்றாக ஓடுகிறது என்கிறார்கள். பிளே ஸ்டோரில் போட்டுவிடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். ஆனால், யார் எத்தனை லிட்டர் வாங்கினார், யார் பாக்கி என்பதெல்லாம் பால்காரரின் நோட்டில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் அந்த மாத வரும்படியே போய்விடும். உங்கள் செயலி அந்த நோட்டின் இடத்துக்கு வருகிறது. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் அவர் கணக்கு பத்திரமாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டு வெளியிடுங்கள்.

முதலில் உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதிய மென்பொருள், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே சொந்தம். சொந்த நேரத்தில் எழுதியதையும் சில பணி ஒப்பந்தங்கள் கேட்கும். உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அலுவலக மடிக்கணினியில் எழுதியிருந்தால் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். பிறர் எழுதிய நிரல் நூலகங்களின் உரிமங்களையும் பட்டியலிடுங்கள். நாம் தமிழ் தட்டச்ச நாடிய இ-கலப்பை, தொடக்கத்தில் கீமேன் என்ற பிறர் மென்பொருளின் மேல்தான் ஓடியது. பின்னர்தான் சொந்தக் காலில் நின்றது. அடித்தளம் பிறருடையதானால் அவர்கள் நிபந்தனை உங்களையும் கட்டும்.

அடுத்து கையொப்பச் சாவி. பிளே ஸ்டோர் வேறொரு சாவியால் கையொப்பமிட்டால், வாட்ஸ்அப்பில் வாங்கியவர்களின் செயலி மேல் புதிய பதிப்பு ஏறாது. பழையதை நீக்கித்தான் நிறுவ வேண்டும். நீக்கினால் கணக்கும் போகும். ஆகவே பிளே கன்சோலில் செயலியை உருவாக்கும்போதே உங்கள் பழைய சாவியைப் பதிவேற்றி அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். சாவியின் நகலை இரண்டு இடங்களில் வையுங்கள்.

பிளே ஸ்டோரில் வெளியிடுபவராகக் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கானால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்தபின்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். எண்ணிக்கைக்காக அலுவலக நண்பர்களைச் சேர்க்காதீர்கள். உண்மையில் பால் ஊற்றுபவர்களைக் கேளுங்கள். பழைய கைப்பேசி, சிக்னல் இல்லாத தெரு, கறக்கும் நேர அவசரம் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

சோதனையில் நான்கை விடாதீர்கள். ஒன்று, தமிழ்ப் பெயருள்ள பில்லை பி.டி.எஃப். ஆக்கிப் பாருங்கள், பல நூலகங்களில் ‘கொ’, ‘கை’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறும். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் தெலுங்குப் பெயர்களையும் இட்டுப் பாருங்கள். இரண்டு, கணக்கை சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து எக்செலில் திறந்து தமிழ் சிதையாமல் வருகிறதா என்று பாருங்கள். மூன்று, பழைய பதிப்பில் ஒரு மாதக் கணக்கை நிரப்பி, அதன் மேலேயே புதியதை நிறுவுங்கள். நான்கு, காப்புக் கோப்பை வேறொரு கைப்பேசியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்பு நம்பத்தக்கதல்ல.

வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் தனிநபர் தரவு. 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிளே ஸ்டோரும் தனியுரிமைக் கொள்கையும் தரவு விவரப் படிவமும் கேட்கும். கணக்கு அந்தக் கைப்பேசியிலேயே இருக்கட்டும். தேவையில்லாததை உங்கள் சர்வருக்கு இழுக்காதீர்கள். தொடர்பு முகவரிக்குத் தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் பணம் ஈட்டினால் உங்கள் முழு முகவரியும் பொதுவில் தெரியும் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

வெளியிட்ட பிறகு வரும் புதுப்பிப்புகளைச் சிறு விழுக்காட்டினருக்கு முதலில் கொடுத்து, புகார் இல்லையென்றால் கூட்டுங்கள். முதல் வெளியீட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் மேலே சொன்ன சோதனைக்கு இவ்வளவு அழுத்தம் தருகிறேன்.

கடைசியாக, கணக்கு முழுவதையும் வெளியே எடுக்கும் பொத்தானை முதல் பதிப்பிலேயே வையுங்கள். என்றாவது நீங்கள் செயலியைக் கைவிட நேர்ந்தாலும், பால்காரர் தன் கணக்கை எடுத்துக்கொண்டு போகலாம்.