கொள்ளைநோயும் கடற்கரை ஊர்களும்

கொள்ளைநோய் என்றதும் மருந்தும் மருத்துவமனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்நோய் ஓர் ஊருக்குள் புகும்போது, நோயுற்றவரின் உடலோடு நோயுறாதவரின் அடுப்பையும் தாக்குகிறது. மருத்துவர் முன்னதைக் கவனிப்பர். பின்னதைக் கவனிக்க வேண்டியவர் பஞ்சாயத்தாரே. தூத்துக்குடிக் கடற்கரையின் அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

துறைமுக ஊருக்கு நோயச்சம் புதிதன்று. முத்துக்குளிப்புக் காலங்களில் பல ஊர் மக்கள் கரையில் கொட்டகையிட்டுத் தங்கினர். சிப்பிகளை அழுகவிட்டு முத்தெடுத்தனர். அத்தகைய கூட்டத்தில் வாந்திபேதிக்கு அஞ்சாதார் இலர். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கப்பலேறுமுன் தட்டப்பாறை முகாமில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். பின்னர் மண்டபம் முகாம் அப்பணியை ஏற்றது.

2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது, மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நோய் பரவாமல் தடுக்க அது தேவையாயிற்று. எனினும், மீனவர்க்கு அது எந்த வேளையில் வந்தது என்பதை நோக்குக. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளின் தடைக்காலம் தொடங்கும். அதற்கு முந்திய வாரங்களின் வருவாயே தடைக்காலத்துச் செலவுக்குக் கைகொடுக்கும். அந்த மூன்று வாரங்களும் வீணாயின. வழக்கமாக 61 நாள் நீடிக்கும் தடைக்காலம் அவ்வாண்டு மே 31-உடன் முடிக்கப்பட்டது. ஆயினும், முன்னரே இழந்த கூலி இழந்ததே.

உப்பளத் தொழிலாளர் நிலையும் இத்தகையதே. கோடையே உப்பு விளையும் பருவம். மழைக்காலத்தில் பாத்திகளில் வேலையில்லை. கோடைக் கூலியைக் கொண்டே அம்மாதங்களைக் கழிக்க வேண்டும். ஆகவே, கோடையில் இழந்த கூலியின் குறை ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் தெரியும். உள்நாட்டு உழவருக்கும் இதில் தொடர்புண்டு. திருமணமும் திருவிழாவும் சுருங்கினால், ஸ்ரீவைகுண்டத்து வாழையிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் வாங்குவோர் குறைவர்.

பொதுவாழ்வும் தடைப்பட்டது. பஞ்சாயத்துத் தலைவர்கள் 2020 ஜனவரி 6-இல்தான் பொறுப்பேற்றிருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 2-இல் கூட வேண்டிய கிராம சபை கூடவில்லை. ஆகஸ்டு 5-இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழா பக்தர் கூட்டமின்றி நடைபெற்றது. ஊர் கூடிப் பேசும் இடம் அடைபட்டால், யார் வீட்டில் அரிசியில்லை என்பதும் வெளியே தெரியாமற் போகும்.

இதே ஆண்டில், ஜூன் 2-ஆம் நாள் கொழும்பிலிருந்தும், ஜூலை 1-ஆம் நாள் ஈரானிலிருந்தும் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் நம்மவரைத் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்தது. வெளியிலிருந்து திரும்புவோரை நோயைக் கொண்டுவருபவராகவே எண்ணி ஒதுக்குதல் தவறு. அவர் நம் உறவினர். சில நாள் தனித்திருக்க வேண்டுமாயின், நல்ல இடமும் உணவும் அன்பான சொல்லும் தருதல் ஊரின் கடமை. அஞ்சி ஒதுக்கினால் நோயை மறைப்பர்; மறைத்த நோயே விரைந்து பரவும்.

இவற்றிலிருந்து நாம் மேற்கொள்ள வேண்டிய பணிகள் நான்கு.

முதலாவது, அன்றாடக் கூலியால் வாழும் குடும்பங்களையும், தனித்து வாழும் முதியோரையும், எந்த மாதத்தில் எவருக்கு வேலையில்லை என்பதையும் பதிவேட்டில் எழுதிவைத்தல். ஆண்டுதோறும் கிராம சபையில் அதனைப் படித்துத் திருத்துதல் வேண்டும்.

இரண்டாவது, மீன் ஏலம், சந்தை ஆகியவற்றை முற்றிலும் மூடாமல், அரசின் விதிகளுக்கு உட்பட்டு, நேரத்தாலும் இடத்தாலும் பிரித்து நடத்தும் முறையை முன்கூட்டியே வகுத்தல்.

மூன்றாவது, ஏலக்கூடத்திலும் சந்தையிலும் குடிநீரும் கைகழுவும் நீரும் எந்நாளும் கிடைக்கச் செய்தல்.

நான்காவது, திரும்பி வருவோர் தங்குவதற்குரிய கட்டடத்தையும், அவர்க்கு உணவு சமைப்போரையும் குறித்து வைத்தல்.

இவற்றுள் முதலாவதற்குப் பெரும்பணம் வேண்டா. ஒரு பதிவேடும் வீடுவீடாகச் செல்லும் கால்களும் போதும். மழைக்கு முன்னரே கரையை உயர்த்தும் உழவரும், புயலுக்கு முன்னரே படகைக் கரையேற்றும் மீனவரும் நிறைந்த மாவட்டம் இது. அந்த முன்னறிவைக் கொள்ளைநோய்க்கும் பயன்படுத்தத் தயங்கலாகாது. அடுத்த கிராம சபையிலேயே அப்பதிவேட்டைத் தொடங்குவோமாக.